உங்களுக்குத் தெரியுமா? தொடக்கப்பள்ளி நூலக அறையிலிருந்து…

★ அமெரிக்கத் தொடக்கப்பள்ளி நூலகங்கள் பலவற்றில், சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் ஒரு குச்சியைப் பற்றியது. அடிஸ்கேல் போலத் தட்டையான அந்தக் குச்சியைப் புத்தகம் உருவிய இடத்தில் செருகிவைக்க வேண்டும். நாலு பக்கம் புரட்டிப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால், குச்சி நிற்கும் இடத்திலேயே புத்தகம் திரும்பப் போய்ச் சேரும். பெயின்ட் கலக்கும் குச்சியே இதற்குப் போதும். பிள்ளைகளே வண்ணம் பூசிப் பெயர் எழுதிக்கொள்கிறார்கள்.

★ அங்கே டைனோசர் பிரியர்கள் 567.9 என்ற எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள். நாய் 636.7, பூனை 636.8, கால்பந்து 796.334. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையின் எண்கள் இவை. ஒரு வேடிக்கை: சின்ட்ரெல்லா போன்ற நாட்டுப்புறக் கதைகள் 800களில், இலக்கியத்தோடு இருக்காது. மக்களின் பழக்கவழக்கங்களோடு சேர்த்து, சமூக அறிவியல் வரிசையில் 398.2இல் இருக்கும். நம் மரியாதைராமனையும் அங்கேதான் தேட வேண்டும். ஒரே சின்ட்ரெல்லா சீனாவில் எப்படி, எகிப்தில் எப்படி என்று அருகருகே வைத்துக் காட்ட நூலகருக்கு இந்த ஒரு தட்டு போதும்.

★ கதை சொல்லும்போது நூலகர் புத்தகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடிப்பதில்லை. படம் பிள்ளைகளைப் பார்த்திருக்க, தான் பக்கவாட்டில் தலை சாய்த்து எழுத்தைப் படிக்க வேண்டும். சில நாள் பழகினால்தான் வரும்.

★ நியூயார்க் பொது நூலகத்தில் கதை நேரத்துக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் இருந்தது. கதை முடிந்ததும் பிள்ளைகள் மனதுக்குள் எதையாவது வேண்டிக்கொண்டு அதை ஊதி அணைப்பார்கள்.

★ அதே நூலகத்தில் 1921இல் வேலைக்குச் சேர்ந்தவர் பூரா பெல்ப்ரே. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். பாட்டி சொன்ன கதைகளை அலமாரியில் தேடினார், ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் என்ன? கைப்பொம்மைகள் செய்து, ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தானே சொன்னார். கரப்பான்பூச்சி மார்ட்டினாவுக்கும் எலி பெரெஸுக்கும் நடந்த கல்யாணக் கதை 1932இல் புத்தகமாகவே வந்தது. இன்று அவர் பெயரில் ஒரு சிறுவர் இலக்கிய விருது இருக்கிறது.

★ நூலகர் வேலையைப் பற்றி நான் படித்ததில் மனதை விட்டு அகலாதது பெவர்லி கிளியரியின் அனுபவம். வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா ஊரில், இளம் வயதில் சிறுவர் நூலகராக இருந்தார். பள்ளிப் பையன்கள் கும்பலாக வருவார்கள். எதை எடுத்துக் கொடுத்தாலும் முகம் மலராது. எங்களை மாதிரிப் பையன்களைப் பற்றிய புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். அவர் தேடிப் பார்த்தார். அடுத்த தெருவில் விளையாடும் சாதாரணப் பிள்ளை எந்தக் கதையிலும் அகப்படவில்லை. அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே கிடந்தது. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து அவரே எழுதினார். எலும்பும் தோலுமான தெருநாயைப் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவரப் படாதபாடு படும் ஹென்றி ஹக்கின்ஸ் 1950இல் பிறந்தான். பிறகு குறும்புக்காரி ரமோனா வந்தாள். 2021இல், 104 வயதில் கிளியரி மறைந்தார். ஒரு பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், குறை பிள்ளையிடம் இல்லை என்று நம்பியவர் அவர். நல்ல நூலகருக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

★ ஜனவரி வந்தால் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி நூலகங்களில் தேர்தல் களை! சிறந்த படப்புத்தக ஓவியருக்கு 1938 முதல் கால்டெகாட் பதக்கம் தரப்படுகிறது. தேர்ந்தெடுப்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஒரு பிரிவு. அதன் முடிவு வருமுன் பல பள்ளிகளில் பிள்ளைகள் தாங்களே நடுவர்களாகிறார்கள். வாரக்கணக்கில் புத்தகங்களைப் பார்த்து, கோடு எப்படி, நிறம் எப்படி, சொல் சொல்லாததைப் படம் சொல்கிறதா என்று வாதாடி வாக்களிக்கிறார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்ததே உண்மையிலும் வென்றுவிட்டால், அன்றைக்கு அந்த அறையில் இடி இடித்தாலும் கேட்காது.

★ திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்குச் சிரிக்காத, திருத்தாத, அவசரப்படாத ஒரு கேட்பவர் வேண்டும். நாயைவிடப் பொறுமைசாலி யார்? பயிற்சி பெற்ற நாய்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டும் திட்டம் 1999இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கியது. இன்று பல நாடுகளின் பள்ளிகளிலும் நூலகங்களிலும் நடக்கிறது.

★ ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளே நூலகக் குழுவில் இருந்து, இடைவேளையில் புத்தகம் கொடுத்து வாங்குகிறார்கள்.

★ அமெரிக்க அதிபரின் மனைவியாக வெள்ளை மாளிகைக்குப் போன லாரா புஷ், அதற்கு முன் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் தொடக்கப்பள்ளி நூலகராக இருந்தவர்.

★ ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்.’ உலகெங்கும் நூலகர்கள் படிக்கும் ஐந்து விதிகளில் இரண்டின் சாரம் இது. வகுத்தவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், ஆண்டு 1931. கணக்கு ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். புதிய வேலை முதலில் பிடிக்காமல், வகுப்பறைக்கே திரும்பப் பார்த்தவர். புத்தகம் ஏற்றிய மாட்டுவண்டி, நடமாடும் நூலகமாக, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புறப்பட்டதும் அதே 1931இல்தான். அரங்கநாதன் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, இந்தியாவில் தேசிய நூலகர் நாள்.

★ நம் பள்ளிகளிலும் கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒன்று உண்டு. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அதுதான். உங்கள் பிள்ளைக்கு அது என்றைக்கு, அன்றைக்கு என்ன புத்தகம் எடுத்தான், எடுத்தாள் என்று இன்று மாலை கேட்டுப் பாருங்கள். அந்த வேளை நடப்பதில்லை என்று பதில் வந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் கேளுங்கள்.