போனில் வரும் மின்னஞ்சலுக்கு எவ்வளவு ராம்?

பிளேன்ரீயை எடும் தம்பி, ஆறமுதல் குடித்துக்கொண்டே கேளும். “முந்நூறு பேருக்கு மின்னஞ்சல் சேர்வர், எவ்வளவு ராம், எத்தனை கோர்?” என்று கேட்டீர். ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால் கணக்குப் பிழைக்கும். திறந்து கிடக்கும் இணைப்புகளை எண்ணும்.

முள்ளிவாய்க்கால் கரையில் நின்று படகுச் சேத விபரம் அனுப்புகிற உத்தியோகத்தரின் போன், அவர் பார்க்காத நேரத்திலும் சேர்வரோடு ஒரு இணைப்பை வைத்திருக்கும். “புதுசு வந்தால் சொல்லு” என்று கேட்டுவிட்டு அது காத்திருக்கும். கடிதங்களைச் சேர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் இதற்கு ‘ஐடில்’ என்று பெயர். 1997 இல் வந்த விதி, 29 நிமிசத்துக்கு ஒருக்கால் அந்தக் கேள்வியைப் புதுப்பிக்கச் சொல்கிறது. முந்நூறு பேரிடம் போன் ஒன்று, மேசைக் கணினி ஒன்று என்றால் அறுநூறு இணைப்பு. ஒன்றுக்கு 3 மெகாபைட் என்று வைத்துப் பாரும்: 1.8 ஜிபி, ஒருவரும் ஒரு கடிதமும் திறக்காத நேரத்திலேயே.

“அப்ப 4 ஜிபி காணுமே அண்ணை?”

காணாது. இயங்குதளம் தன் பங்கைக் கேட்கும். வைரஸ் வடிகட்டியாகக் ‘கிளாம்ஏவி’ போட்டால் அது தனியே 1 ஜிபிக்கு மேல் எடுக்கும்; வைரஸ் பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்து சற்று நேரம் இரண்டு மடங்காகும். மிச்ச ராமில்தான் அடிக்கடி படிக்கும் கடிதங்கள் நிற்கும். அந்த இடம் குறைந்தால் ஒவ்வொரு தேடலும் டிஸ்க்குக்கு ஓடும். ஆகவே சாதாரண ஐமேப் சேர்வர் என்றால் 8 ஜிபியில் தொடங்கி, வேலை மும்முரமான நேரத்தில் அளந்துபார்த்துக் கூட்டும்.

உம்முடையது மெய்நிகர் சேர்வர். ஒரு பெரிய இயந்திரத்தை இன்னும் பல சேர்வர்களோடு பங்கு போடுகிறது. பொறுப்பாளர்கள் சிலர் கையில் இருப்பதைவிடக் கூடுதலான ராமைப் பங்கு கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் உம்முடைய பங்கிலிருந்து உருவி எடுப்பார்கள். மின்னஞ்சல் சேர்வர் அதைத் தாங்காது. மைக்ரோசொவ்ற் தன் மின்னஞ்சல் சேர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சுக்கு, ஏறி இறங்கும் ராம் கொடுக்கக் கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறது. “முழு ராமும் ஒதுக்கித் தரவேண்டும்” என்று விண்ணப்பத்தில் எழுதும்.

புரொசசர் கோர் விசயம் மறுவளம். கூடக் கேட்டால் கெடும். கரைவலை இழுப்பைப் பார்த்திருப்பீர். ஒரு கயிற்றில் நிற்பவர்கள் மற்றக் கயிற்றுக்காரரை விட்டு முந்தினால் நின்று காத்திருக்க வேணும், இல்லாவிட்டால் வலை கோணும். மெய்நிகர் கோர்களும் அப்படித்தான்: ஒன்றுக்கொன்று அதிகம் முந்திவிடாமல் இயந்திரம் பிடித்து வைக்கும். நெருக்கடியான இயந்திரத்தில் எட்டுக் கோர் வாங்கிய சேர்வர், நாலு வாங்கியதைவிட மெதுவாக ஓடியதும் உண்டு. இரண்டில் தொடங்கும். மெய்நிகர் சேர்வர்களை ஓட்டும் விஎம்வேரில் ‘ரெடி ரைம்’ என்றொரு எண் இருக்கிறது, கோர் தன் முறைக்குக் காத்திருந்த நேரம். அது 5 வீதத்தைத் தாண்டினால் கோரைக் கூட்டவேண்டாம், இயந்திரத்தில் நெருக்கத்தைக் குறைக்கச் சொல்லும். எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு உண்மைக் கோருக்கு இரண்டு மெய்நிகர் கோருக்கு மேல் ஆகாது. ஒன்றுக்கு ஒன்று நல்லது.

அளக்கிற நேரமும் முக்கியம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, அப்படி நின்றுபோய்த் திரும்ப வரும்போது அத்தனை போனும் ஒரேயடியாகக் கதவைத் தட்டும். ஒவ்வொரு புது இணைப்புக்கும் மறைகுறியாக்கப் பேச்சு நடக்கும், புரொசசருக்கு அதுதான் பாரம். சாதாரண நாளின் சராசரியை நம்பி அளவு போடாதையும்.

கடைசியாக ஒன்று. 2023 ஓகஸ்ட் 26 இல் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ என்ற அரச முகிலைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச முகவரிகள் பாதிக்கப்பட்டன; மே 17 தொடக்கம் அன்றுவரை வந்த கடிதங்கள் போயின, அந்தக் காலத்துக்குத் தனியான காப்புப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொவ்ற் அந்த வருசம் ஏப்ரல் 11 இலேயே நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் பணத்தட்டுப்பாட்டாலும் பிந்தியதாகச் சொன்னார்கள்.

இதற்கும் ராம் கணக்குக்கும் தொடர்பு உண்டு. எக்ஸ்சேஞ்ச் 2013 இன் அஞ்சல்பெட்டிச் சேர்வருக்குக் குறைந்தது 8 ஜிபி போதுமாக இருந்தது. 2019 பதிப்புக்கு மைக்ரோசொவ்ற் சொல்லும் குறைந்த அளவு 128 ஜிபி. மென்பொருளுக்கு மட்டும் காசு வைத்தவர்கள் இந்த இடத்தில் திகைப்பார்கள். எனவே விண்ணப்பத்தில் மூன்று வரி எழுதும்: இன்றைக்கு வேண்டியது, காப்புப் பிரதி எடுக்கும் இரவுக்கு வேண்டியது, அடுத்த பதிப்புக்கு மாற வேண்டியது. கணக்காளர் மூன்றாவதை வெட்டப் பார்ப்பார். வெட்ட விடாதையும்.