டயரின் ஓரம் ஏன் முதலில் தேய்கிறது?

அந்தமானில் திக்லிபூரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) வரை 300 கி.மீ.க்கு மேல் நிதானமாக ஓடியும் பெரிதாகச் சூடேறாத டயர், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சில சுற்றுகளிலேயே கொதிப்பது ஏன்?

வேகம் மணிக்கு 40-லிருந்து 160 கி.மீ. ஆக உயர்ந்தால் இயக்க ஆற்றல் 16 மடங்கு. நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகி, டயரையும் எட்டுகிறது. வளைவிலோ கார் சாய்ந்து, வெளிப்பக்க டயரின் ஓரத்தில் பாரம் குவிகிறது; அதனால் அதுவே முதலில் தேய்கிறது. ரப்பர் நெளிந்து நெளிந்து உள்ளுக்குள்ளேயே சூடாகிறது. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறுகிறது, ஏறக்குறைய 5–6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ.

எனவே பிட்டுக்குள் (தடத்தோரம் காரை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) நுழைந்ததும் சூட்டோடு அளந்து, மிகுதிக் காற்றை இறக்குங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுவே. சக்கரத்தின் மேல்பகுதி சற்று உள்நோக்கிச் சாயும்படி கேம்பரை மாற்றினால் ஓரம் தப்பும். கடைசிச் சுற்று மெதுவாக இருக்கட்டும். நிறுத்தியபின், பிரேக் சூடாக இருப்பதால், ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். வீடு திரும்புமுன், டயர் ஆறியதும் காற்றை மறுபடி நிரப்புங்கள்.