முரசு நோயும் அதன் தடுப்பும்

வேரைப் பற்றியுள்ள மண் கரையுமாயின் நன்மரமும் சாயும். அவ்வாறே சொத்தை சிறிதுமில்லாத பல்லும், தன்னைத் தாங்கும் முரசும் எலும்பும் கேடுற்றால் ஆடி வீழும். வளர்ந்தோர் பல்லிழப்பதற்குரிய முதன்மைக் காரணங்களுள் முரசு நோயும் ஒன்றாகும்.

பல்லும் முரசும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, மென்மையான படலமாகப் படிகின்றன. நாடோறும் அகற்றப்படாத படலம் உமிழ்நீரிலுள்ள கல்சிய உப்புக்களால் இறுகிக் காரையாகின்றது. கரடான அக்காரையின்மேல் மேலும் படலம் படிகின்றது. அந்நுண்ணுயிர்களை உடல் எதிர்ப்பதனால் முரசு அழற்சியுற்றுச் சிவந்து வீங்கும். பல் துலக்கும்போது குருதி கசியும். இந்நிலையில் எலும்பு கெடாமையால் நோய் முற்றாக நீங்கக்கூடியது. அழற்சி ஆழ்ந்து செல்லின், முரசு பல்லை விட்டு விலகிப் பை போன்ற இடைவெளி உண்டாகும், எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை. இவையாவும் பெரும்பாலும் நோவின்றியே நிகழ்தலால் நோயாளர் காலந்தாழ்த்தியே வைத்தியரை நாடுகின்றனர்.

நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவருடன் ஆய்ந்தோரும் 1965இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நல்ல முரசுடைய பன்னிருவர் பல் துலக்குதலை நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் அழற்சி தோன்றிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது தணிந்தது.

துலக்காமலே வாழ்நாள் கழியுமாயின் யாது விளையும் என்பதை இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் காட்டின. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்திய வசதியோ இல்லாத 480 ஆண் தொழிலாளரை லோ குழுவினர் 1970 முதல் 1985 வரை ஆய்ந்தனர். ஏறக்குறைய யாவரிடத்தும் அழற்சி காணப்பட்டது. எனினும் 8 சதவீதத்தினரில் நோய் விரைந்து பரவிற்று. அவர்கள் 45 வயதளவில் பற்களனைத்தையும் இழந்தனர். 81 சதவீதத்தினரில் அது மெல்லப் பரவிற்று. 11 சதவீதத்தினரில் அழற்சியோடு நின்றது. இவ்வேறுபாட்டிற்கு உடலின் இயல்பும் ஒரு காரணமாம். தாம் எப்பிரிவினர் என்பதை எவரும் எளிதில் முன்னறிய இயலாமையால், தூய்மை பேணுதல் யாவர்க்கும் கடனாகின்றது.

நாள்தோறும் இருமுறை மென்மையான தூரிகையால் முரசோரத்தைத் துலக்குதல் வேண்டும். பல்லிடைகளையும் நூலாலோ சிறு தூரிகையாலோ தூய்மை செய்தல் வேண்டும். குருதி கசிதலைக் கண்டு அவ்விடத்தைத் துலக்காது விடுதல் நோயை வளர்க்கும். இறுகிய காரை தூரிகைக்கு அகலாது; அதனைப் பல் வைத்தியரே அகற்றுதல் வேண்டும். ஆழ்ந்த பைகளுக்குச் சிலவேளை சத்திரசிகிச்சையும் தேவைப்படும். புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் நோயை மிகுவிக்கும். ஆதலின் அவற்றையும் அடக்குதல் வேண்டும்.

வசதியற்ற தொழிலாளரின் வாய்களிலிருந்தே உலகம் இவ்வறிவின் ஒரு பகுதியைப் பெற்றது. அது நூல்களில் மட்டும் நில்லாது, அத்தகையோரின் குடியிருப்புக்களுக்கும் தூரிகையாகவும் சிகிச்சையாகவும் சென்றடைதலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.