கிடையாய்த் தெரியும் ஊசி

காந்த ஊசியை மேலும் கீழும் ஆடவிட்டால், புவியின் காந்தப்புலம் எந்தச் சரிவில் மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை அது காட்டும். 1576இல் லண்டனில் றொபேட் நோர்மன் அளந்தபோது அந்தச் சாய்வு ஏறத்தாழ 72 பாகை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ சில பாகைகள்தான். சாய்வு பூச்சியமாகும் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, இலங்கைத் தீவையே குறுக்கறுத்துச் செல்கிறது. அப்படியானால் பூச்சியம் என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சாய்வு சிறுத்த இடத்தில்தான் அளவீட்டில் கூடுதல் கவனம் வேண்டும் என்பேன்.

ஊசி ஆடும் தளம் காந்த வடக்கு தெற்காக நின்றால் மட்டுமே உண்மைச் சாய்வு கிடைக்கும். தளம் விலகினால் கிடைப்புலத்தின் ஒரு பங்குதான் ஊசியில் தாக்கும். நிலைக்குத்துப் புலம் குறையாது. ஆகவே தோற்றச் சாய்வு கூடிவிடும். உண்மை 3 பாகையாயின், 60 பாகை விலகிய தளத்தில் அது 6 பாகையாகத் தெரியும். கிழக்கு மேற்காக நிறுத்தினால் ஊசி செங்குத்தாகவே நின்றுவிடும். பரிகாரமும் இதிலேயே உண்டு: ஊசி செங்குத்தாகும் வரை கருவியைத் திருப்பி, அங்கிருந்து 90 பாகை திருப்பினால் சரியான தளம் வந்துவிடும். ஊசியின் எடை இதைவிடத் தொல்லையானது. ஐரோப்பாவுக்கெனச் செய்த திசைகாட்டிகளில், வடமுனை தாழாதிருக்கத் தென்பக்கம் சிறு பாரம் வைப்பார்கள்; இங்கே அந்தத் தென்முனையே தாழும். அதை நம்பினால் நாம் காந்த நடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதாகிவிடும்! லண்டனின் 72 பாகையில் அரைப் பாகைப் பிழை பெரிதல்ல. 3 பாகையில் அது ஆறில் ஒரு பங்கு. அதனால்தான் கருவியை 180 பாகை திருப்பியும், ஊசியின் முகத்தை மாற்றியும், அதன் முனைகளையே மாற்றிக் காந்தமேற்றியும் மறுபடி அளந்து, சராசரி காண்கிறார்கள்.

எந்த இடத்தின் சாய்வையும் கணித்துத் தரும் சர்வதேசப் புவிக்காந்த மாதிரி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்பது நியாயமான கேள்வி. அது ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. செய்மதிகளோடு தரைநிலையங்களின் அளவீடுகளும் அதற்கு வேண்டும். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் அத்தகைய ஆய்வகம் இயங்குகிறது. மாதிரி சொல்வது பூமியின் கருவிலிருந்து எழும் புலத்தை. காலடிப் பாறையையும் பக்கத்து இரும்புப் படலையையும் அது அறியாது. பகலில் காந்த நடுக்கோட்டை ஒட்டி, நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலே ஓடும் மின்னோட்டமும் அதில் அடங்காது. அந்த மின்னோட்டத்தை ஆராய ஏற்ற இடம் என்பதாலேயே இந்தியாவின் தும்பாவில் 1963 நவம்பர் 21இல் முதல் ரொக்கெட் ஏவப்பட்டது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் காந்தத் தாதுக்கள் மிகக் குறைவு. இது நமக்கு வாய்த்த வசதி. பௌதிகவியல் ஆசிரியர்கள் மாணவரை மின்கம்பிக்கும் தகரக் கூரைக்கும் எட்டத்தில், அதிகாலையில், வெளியான நிலத்துக்குக் கூட்டிச் செல்லட்டும். எடுத்த ஒவ்வோர் அளவையும் இடமும் திகதியும் நேரமும் சேர்த்துக் குறித்து வைக்கட்டும்.