நெம்பத் தெரிய வேண்டும்

அது ஒரு பழைய வீடு. பின்வாசல் மர நிலையின் அடியில் கரையான் அரித்துவிட்டது. மேலே உள்ள தேக்கு நன்றாகவே இருக்கிறது. உடையாமல் எடுத்தால் ஜன்னலுக்கு நிலை செய்துகொள்ளலாம். உடைந்தால் அடுப்புக்குத்தான் போகும்.

வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்தார். நிலைக்கும் சுவருக்கும் நடுவே செருகினார். மூச்சைப் பிடித்துத் தள்ளினார். நிலை அசையவில்லை. சுவரில் இருந்த செங்கல்தான் நொறுங்கியது.

பக்கத்து வீட்டு மேஸ்திரி இதைப் பார்த்தார்.

"தம்பி, பலமெல்லாம் இருக்கு. கட்டையைக் காணோமே?"

"என்ன கட்டை, பெரியவரே?"

"கடப்பாரை தனியா வேலை செய்யாதுப்பா. அதுக்கு ஒரு கட்டை வேணும்."

மேஸ்திரி சொன்னது என்ன? பார்ப்போம்.

கட்டை செய்யும் வேலை

கடப்பாரை ஒரு நெம்புகோல். அது ஒரு கட்டையின் மேல் தாங்கி நிற்க வேண்டும். இதைத் தாங்கு கட்டை என்று சொல்லலாம். கட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே நம் பலம் பெருகும்.

ஒரு கல்லைப் புரட்டுவதாக வைத்துக்கொள்வோம். கடப்பாரையின் நீளம் 5 அடி. அதாவது 60 அங்குலம். முனையிலிருந்து 4 அங்குலம் தள்ளிக் கட்டையை வைக்கிறோம். நம் கைப்பக்கம் 56 அங்குலம் இருக்கும். 56-ஐ 4-ஆல் வகுத்தால் 14. நம் பலம் 14 மடங்காகிறது. நாம் 20 கிலோ பலத்தில் அழுத்தினால், முனையில் 280 கிலோ பலம் கிடைக்கும்.

அதே கட்டையை 10 அங்குலம் தள்ளி வைத்தால்? கைப்பக்கம் 50 அங்குலம். பலம் 5 மடங்குதான். 20 கிலோவுக்கு 100 கிலோதான் கிடைக்கும்.

கடப்பாரை அதேதான். ஆளும் அதே ஆள்தான். கட்டையின் இடம் மட்டும் மாறியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முனையில் வரும் பலம் கட்டையையும் அழுத்தும். கட்டை இல்லாவிட்டால் செங்கல்லை அழுத்தும். அதனால்தான் செங்கல் நொறுங்கியது. சுவரின் மேல் ஓர் அகலமான பலகைத் துண்டை வைத்து நெம்பினால், அழுத்தம் பரவிவிடும். சுவர் பிழைக்கும்.

எதை வாங்குவது?

கல் புரட்ட, குழி தோண்ட, சுவர் இடிக்க 5 அடிக் கடப்பாரை வேண்டும். ஆணி பிடுங்க, பலகை கழற்ற அது உதவாது. அதற்கு ஒன்றரை அடி அல்லது இரண்டடி நீளமுள்ள சிறிய பாரை போதும். அதன் ஒரு முனை வளைந்து, நடுவில் பிளந்திருக்கும். அந்தப் பிளவில் ஆணியின் தலை மாட்டிக்கொள்ளும்.

கடையில் எடை போட்டுப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் கனமுள்ள 5 அடி உருட்டுக் கடப்பாரை ஏறக்குறைய 6 கிலோ இருக்கும். எடை மிகவும் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று பொருள். அது வளையும். முனையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை தேடி வெளிமாநிலம் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியில் இதை சப்பல் என்பார்கள். தெலுங்கில் கட்டபார. கன்னடத்தில் ஹாரெ. மலையாளத்தில் கம்பிப்பார.

நெம்பும் முன் மேலே பாருங்கள்

மேஸ்திரி உடனே நிலையைத் தொடவில்லை. முதலில் அண்ணாந்து பார்த்தார். வாசலுக்கு மேலே சுவரைத் தாங்க லிண்டல் இருக்கிறதா? சில பழைய வீடுகளில் லிண்டல் இருக்காது. சுவர் நிலையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த நிலையை உருவினால் சுவர் தலையில் விழும். லிண்டல் இல்லையென்றால் நீங்களாக நெம்பக் கூடாது. அனுபவமுள்ள கொத்தனாரை வைத்து, முட்டுக் கொடுத்த பிறகே தொட வேண்டும்.

அடுத்து, மெயின் சுவிட்சை அணைத்தார். சுவருக்குள் மின்கம்பி போகலாம். இரும்பில் மின்சாரம் பாயும்.

பிறகு கீல்களைக் கழற்றிக் கதவை இறக்கினார்கள். நிலையைச் சுற்றி உளியால் பூச்சை உடைத்தார்கள். நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்புகள் தெரிந்தன. அவற்றை ஆக்சா பிளேடால் அறுத்தார்கள். அதன் பிறகுதான் நெம்பினார்கள். ஒரே இடத்தில் அல்ல. கீழே கொஞ்சம், நடுவே கொஞ்சம், மேலே கொஞ்சம். ஒரே இடத்தில் நெம்பினால் மரம் பிளந்துவிடும்.

உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

கால்களை அகட்டி, உறுதியாக நில்லுங்கள். கடப்பாரை திடீரென்று வழுக்கலாம். அதன் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். காலுக்கு நடுவே வைத்து நெம்பாதீர்கள். தூக்கிய பாரத்தின் அடியில் கையை விடாதீர்கள். அசையாவிட்டால் நிறுத்துங்கள். எங்கோ ஒரு கிளாம்போ ஆணியோ பிடித்திருக்கிறது. அதைத் தேடுங்கள்.

கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். குழந்தைகள் மேல் விழும். தரையில் படுக்க வையுங்கள். வெயிலிலும் போட வேண்டாம். கை சுட்டுவிடும்.

ஆணி பிடுங்கும்போது வளைவுக்கு அடியில் மெல்லிய மரத்துண்டு வையுங்கள். ஆணி மேலே வந்ததும் தடித்த துண்டாக மாற்றுங்கள். ஆணி நேராக வரும். மரத்தில் பள்ளம் விழாது. ஆணியோடு பலகையை எங்கும் போடாதீர்கள். காலில் ஆணி குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

முனை மழுங்கினால் கொல்லரிடம் கொடுங்கள். காய்ச்சி, அடித்து, தோய்த்துக் கொடுப்பார். வீட்டு அடுப்பில் காய்ச்சினால் முனையின் உறுதி போய்விடும்.

அன்று மதியம் நிலை முழுதாக வந்தது. அரித்த அடிப்பக்கத்தை அறுத்து எறிந்தார்கள். மீதி மரம் ஜன்னலுக்குப் போதுமானதாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் வீட்டுக்காரர்.

"இவ்வளவுதான் தம்பி. பார்த்துட்டு நெம்பணும். நெம்பிட்டுப் பார்க்கக் கூடாது" என்றார் மேஸ்திரி.

கணக்குப் போடுங்கள்

கடப்பாரை 4 அடி. அதாவது 48 அங்குலம். முனையிலிருந்து 6 அங்குலத்தில் கட்டை இருக்கிறது. நம் பலம் எத்தனை மடங்காகும்?

விடை: 7 மடங்கு.