கியர் விழாவிட்டால் பிழை எங்கே?



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் கணக்காளனாகிய எனக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றலாம். கையால் கியர் மாற்றும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் கியர் விழச் சிரமப்பட்டால், பழுது எந்த இடத்தில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரேத்தோ வீதி நெரிசலில் முதலாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையில் காலம் தள்ளுகிறவர்கள் நாங்கள். ஆகவே சாதாரண கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

என் தங்கையின் மகன் மூன்று வருடம் சேமித்த காசில் இரண்டு இருக்கையுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். ஒரு ஞாயிறு சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போக மொந்தே பெல்லக்ரீனோ மலை ஏறும்போது இரண்டாம் கியர் கரகரவென்று சத்தமிட்டது. மறுநாள் கராஜுக்குப் போய், "இரண்டாவது கியர் விழவில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். கியர் பெட்டியையே மாற்ற வேண்டும், 1,800 யூரோ ஆகும் என்றார்கள்.

"மாமா, காரை வித்துப்போட்டு விடட்டோ?" என்று என்னிடம் வந்து நின்றான்.

எங்கள் தொழிலில் பரீட்சை மீதி சமப்படாவிட்டால் பேரேடு முழுவதையும் திருப்பி எழுதுவதில்லை. பிழை எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். காருக்கும் அதுவே வழி. பிரித்துப் பார்க்க வேண்டியவை மூன்று: கியர் லீவரைப் பெட்டியோடு இணைக்கும் கேபிள் அல்லது கம்பிகள், கிளச், கியர் பெட்டி.

கிளச்சை மிதித்தால் எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்குப் போகாமல் பிரிகிறது. பெட்டிக்குள் ஒன்றுசேர வேண்டிய பாகங்கள் அப்போதும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். அவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ என்னும் வளையம். பல கார்களில் இது பித்தளையால் ஆனது. வின்சென்சோ புளோரியோ 1906இல் எங்கள் சிசிலியில் தொடங்கிய தார்கா புளோரியோ காரோட்டப் போட்டியின் ஆரம்பகால ஓட்டுநர்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை. அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் 1928இல்தான் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன் மதோனியே மலைப்பாதையில் ஓடியவர்கள், ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இருமுறை மிதித்துத் தாங்களே வேகத்தைச் சமப்படுத்தினார்கள். அந்தப் பழைய வித்தை இன்று எங்கள் சோதனைக்கு உதவும்.

முதற் சோதனை: எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கிளச்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். ஒரு கியர் உடனே விழாவிட்டால், கிளச்சை விட்டு மீண்டும் மிதித்துப் பாருங்கள். அப்போதும் எல்லாமே இறுக்கமாக இருந்தால் கேபிளையும் கம்பிகளையும் முதலில் பார்ப்பியுங்கள்.

இரண்டாம் சோதனை: காலடி விரிப்பு கிளச்சுக்குக் கீழே சுருண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு முன்னும் பின்னும் ஆளில்லாத சமதரையில் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கையும் கிளச்சையும் முழுதாக மிதித்து, ஐந்து செக்கன் பொறுத்து ரிவேர்ஸ் போடுங்கள். கரகரத்தாலோ கார் நகரப் பார்த்தாலோ கிளச் முழுதாகப் பிரியவில்லை. கிளச்சை மூன்று நான்கு தரம் தொடர்ந்து மிதித்தபின் இலகுவாக விழுந்தால், எண்ணெயால் இயங்கும் கிளச்சில் காற்றோ ஒழுக்கோ இருக்கிறது என்று எண்ணலாம்.

மூன்றாம் சோதனை: நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்து, ஓடும்போது ஒரேயொரு கியர் மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ மேல் சந்தேகம். வெறுமையான பாதையில் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, மீண்டும் மிதித்து அடுத்த கியரைப் போடுங்கள். கீழ்க் கியருக்கு இறங்குவதானால் நடுவில் ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்துங்கள். இப்படிச் செய்யும்போது சத்தம் இல்லையென்றால் வளையம் தேய்ந்திருக்கிறது. குளிரில் மட்டும் கியர் இறுகினால் முதலில் பெட்டியின் எண்ணெயைக் கவனியுங்கள். காரின் கையேடு சொல்லும் வகையையே ஊற்ற வேண்டும்.

சத்தமும் ஒரு சாட்சி. நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளச்சை மிதித்ததும் மறைந்தால் பெட்டியின் பேரிங். மிதித்தால்தான் கேட்கும் என்றால் கிளச்சின் பேரிங். போட்ட கியர் தானாக விலகினால் பெட்டிக்குள் தேய்வு இருக்கலாம். எஞ்சின் தாங்கிகளையும் பார்ப்பிக்க வேண்டும்.

மருமகனின் கார் இரண்டாம் சோதனையிலேயே பிடிபட்டது. மலையில் அடிக்கடி இரண்டாம் கியருக்கு மாற்றியதால் அவன் அதை மட்டும் கவனித்திருக்கிறான். கிளச்சின் கீழ்ச் சிலிண்டர் ஒழுகியிருந்தது. வேறொரு கராஜில் 170 யூரோவோடு வேலை முடிந்தது. ஆனால் என்னைப் பதறவைத்தது காசு அல்ல. பல கார்களைப் போல அவனுடைய காரிலும் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் வைக்கும் போத்தல் ஒன்றே. எண்ணெய் குறைந்திருப்பது தெரியாமலே அவன் அந்த மலையை இறங்கி வந்திருக்கிறான்.

முதற் கராஜ்காரரை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் சொன்னதை வைத்துத்தானே அவர் கணக்குப் போட்டார்? ஆகவே கராஜில் சொல்லச் சில வசனங்களைப் பழகிக்கொள்ளுங்கள். கிளச் பிரியவில்லை என்றால் "லா பிரிட்சியோனே நொன் ஸ்தாக்கா". இரண்டாம் கியர் கரகரக்கிறது என்றால் "லா செக்கொந்தா க்ராத்தா". சூட்டிலா குளிரிலா, நிற்கும்போதா ஓடும்போதா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். வேலை தொடங்க முன் பிரெவெந்தீவோவை எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாப் பழுதும் 170 யூரோவில் முடியாது. சிங்க்ரோ தேய்ந்திருந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்கலாம்.

அடுத்த மாதம் இன்னொரு உரையில் சந்திப்போம்.