டார்கெட் போர்டில் ஓய்வைச் சேர்த்தார்களா?

பனியன் கம்பெனிகளில் டார்கெட் ஏறவில்லை என்று கூலி பிடிக்கப்பட்டால் நம் ஆட்கள் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். சூப்பர்வைசரிடம் சண்டை போடுகிறார்கள், கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகிறார்கள், இல்லையென்றால் பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தைக்கிறார்கள். மூன்றாவதைச் செய்யும் பெண்கள்தான் அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்குவதும் அவர்கள்தான். அந்த டார்கெட் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கணக்கு எளிது. ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவிலிருந்து ஒருவர் ஸ்டாப் வாட்ச்சோடு வந்து நேரம் பார்க்கிறார். பேட்லாக் மெஷினில் டி-ஷர்ட்டின் அடி மடிப்பைத் தைக்கச் சராசரி 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். தைத்தவரின் வேகத்துக்கு 90 சதவீதம் மதிப்பெண் போட்டால் அடிப்படை நேரம் 36 விநாடி. அதாவது மணிக்கு 100 பீஸ். இந்த 100 அப்படியே போர்டில் ஏறினால் அது தவறான டார்கெட். நிமிராமல், எழாமல் தைத்தால் மட்டுமே வரும் எண்ணிக்கை அது.

இதன்மேல் ஓய்வுக்கான அலவன்ஸைக் கூட்ட வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வு நூலில் உள்ள மாதிரி அட்டவணை, கழிப்பறை, தண்ணீர் போன்ற சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 7 சதவீதமும், அடிப்படைக் களைப்புக்கு 4 சதவீதமும் தருகிறது. பெண்ணுக்கு 11 சதவீதம் கூட்டினால் 36 விநாடி ஏறத்தாழ 40 ஆகிறது. மணிக்கு 90 பீஸ். நின்று வேலை செய்வது, வெளிச்சக் குறைவு, சூடு, இரைச்சல், கண்ணுக்குச் சிரமம், ஒரே அசைவின் சலிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே கூட்ட வேண்டும். மொத்தம் 20 சதவீதம் வந்தால் 43.2 விநாடி, மணிக்கு 83 பீஸுக்குச் சற்று மேல். மணிக்கு 100 என்ற டார்கெட்டோடு ஒப்பிட்டால் எட்டு மணி நேரத்தில் வித்தியாசம் சுமார் 133 பீஸ்.

கணக்கில் எங்கே கைவைப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டு இடைவேளையைக் காட்டி ‘ஓய்வு கொடுத்துவிட்டோம்’ என்பார்கள். அது வேலை நேரத்துக்கு வெளியே இருப்பது, அலவன்ஸில் சேராது. நூல் அறுவது, ஊசி உடைவது, பண்டில் வராமல் காத்திருப்பது ஆகியவற்றுக்கான அலவன்ஸ் தனி. அதையும் களைப்பையும் ஒரே சதவீதத்தில் அடைப்பார்கள். ஜனவரி மாதக் காலையில் அளந்த நேரத்தை மே மாதத்தில் தகர ஷெட்டுக்குக் கீழே தைப்பவர்மேல் சுமத்துவார்கள்.

ஓர் எச்சரிக்கை. இத்தனை சதவீதம் அலவன்ஸ் கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலே சொன்ன அட்டவணையும் மாதிரிதான். ‘சட்டப்படி 20 சதவீதம் வேண்டும்’ என்று எழுதினால் மனு அங்கேயே படுத்துவிடும். நடந்ததை எழுதுங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், யாரோ சொன்ன பழைய பிரிவு எண்களையும் எழுத வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மணிவாரியாக டார்கெட், தைத்த பீஸ், மெஷின் நின்ற நிமிடம், பாத்ரூம் டோக்கனுக்காகக் காத்திருந்த நேரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது குறைதீர் குழு. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் அது இருந்தாக வேண்டும். தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அளந்த நேரம், வேக மதிப்பெண், அலவன்ஸ் மூன்றையும் பிரித்துக் காட்டும் தாளைக் கேட்டு, நோட்டின் நகலை இணைத்து மனுக் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். 30 நாளில் தீராவிட்டால், அதிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் சங்கத்தின் மூலம் சமரச அதிகாரியிடம், அதாவது தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்), போக வேண்டும். 61வது நாள் போய் அழுது பயனில்லை.

கழிப்பறைக்கு விடவில்லை, குடிநீர் இல்லை, இடைவேளை தரவில்லை என்றால் அலுவலகம் வேறு: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட இணை இயக்குநர். டார்கெட்டைக் காரணம் காட்டி அந்த நாளின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே பிடித்தால், பீஸ் ரேட் ஆளாக இருந்தாலும், தொழிலாளர் துறையில் கூலிப் புகாராகக் கொடுங்கள். கைக்குழந்தை உள்ள தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. அந்த நேரத்துக்கும் சேர்த்து டார்கெட் கேட்டால் அதையும் எழுதுங்கள்.

தகவல் உரிமை மனுவைத் தனியார் கம்பெனிக்குப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. வராது. அரசு அலுவலகத்தில் நீங்கள் கொடுத்த புகார் என்ன ஆனது என்று கேட்கத்தான் அது உதவும்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தீயணைப்பு வாளியை எண்ணுகிறார்கள், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள். லைன் முனையில் தொங்கும் டார்கெட் போர்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர்களைப் பார்க்கவைப்பது உங்கள் மனுதான். மறுபடியும் சொல்கிறேன்: தேதியோடு கையெழுத்தோ தபால் ரசீதோ இல்லாத மனுவைக் கொடுத்ததாக எந்த அலுவலகத்திலும் நிரூபிக்க முடியாது.